வழக்கைச் சீக்கிரம் முடிக்க ஹைகோர்ட் உத்தரவு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். தாத்தா வீட்டில் பங்கு கேட்டு அம்மா 2011-ல் போட்ட பாகப்பிரிவினை வழக்கு இன்னும் ஓடுகிறது. அம்மாவுக்கு இப்போது 74 வயது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மஞ்சப்பையில் பத்திர நகல், தண்ணீர் பாட்டில், சுகர் மாத்திரையோடு பஸ் ஏறுவோம், பதினொன்றரைக்குப் பெயரைக் கூப்பிடுவார்கள், எதிர்த்தரப்பு ஜூனியர் எழுந்து "சீனியர் வேற கோர்ட்ல இருக்கார்" என்பார், அவ்வளவுதான், அடுத்த தேதி. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பு 2019-லேயே எங்களுக்குச் சாதகமாக வந்துவிட்டது, வீட்டைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்புதான் பாக்கி. அப்புறம் வீட்டை அளக்கப் போட்ட வக்கீல் கமிஷனர் அறிக்கைக்கே மூன்று வருஷம் போச்சு! சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 17-ல் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று இருக்கிறதாம், எங்கள் ஊர்ப் பக்கம் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள் போல.

சரி, கேள்விக்கு வருகிறேன். கீழ்க்கோர்ட்டுகளை மேற்பார்வையிட ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்புப் பிரிவு 227-ன் கீழ், ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் மனு போட்டு, இத்தனை மாதத்துக்குள் முடிக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம் என்கிறார்கள். வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கீழ்க்கோர்ட்டில் நிஜமாகவே வேகம் வந்ததா? செலவு எவ்வளவு ஆனது? லோக் அதாலத்தில் சமரசம் பேச எதிர்த்தரப்பான மாமா ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அந்த யோசனை வேண்டாம்.