பார்சல் எங்கே இருக்கிறது என்று டிராக்கிங் பக்கம் ஏன் சொல்வதில்லை?

மென்காற்று (கேள்வி):

வணக்கம். என் தாயார் அணியும் செவிப்புலன் கருவியின் சிறு பாகம் ஒன்று பழுதாகிவிட்டது. அது இங்கே கிடைக்காததால் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் பணம் கட்டி, பதிவு அஞ்சலில் வரவழைத்திருக்கிறேன். தொடக்கத்தில் டிராக்கிங் பக்கத்தில் அடுத்தடுத்துத் தகவல்கள் வந்துகொண்டிருந்தன. ‘பரிமாற்ற அலுவலகத்திலிருந்து புறப்பட்டது’ என்ற வரிக்குப் பிறகு எதுவும் இல்லை. வந்து சேரும் நாள் என்று முதலில் ஒரு தேதியைக் காட்டினார்கள். அது கடந்ததும் வேறொரு தேதி வந்தது. அதுவும் கடந்த பிறகு தேதி இருந்த இடமே வெறுமையாகிவிட்டது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், என் திரையில் இருக்கும் அதே வரியைத்தான் அவர்களும் எனக்குப் படித்துக் காட்டுகிறார்கள்.

தாமதமாகத்தான் வரும் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வருமா வராதா என்றே தெரியாத நிலையில், மறுபடியும் பணம் கட்டி வேறொன்றை வரவழைப்பதா, இன்னும் காத்திருப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. அதுவரை அம்மா எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முன்பு ஒருமுறை கூரியரில் வர வேண்டிய பார்சலுக்காக விடுப்பு எடுத்து, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அழைப்பு மணி அடிக்கவில்லை, தொலைபேசியும் ஒலிக்கவில்லை. மாலையில், ‘பெறுநர் வீட்டில் இல்லாததால் டெலிவரி செய்ய இயலவில்லை’ என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. இப்படி நடந்தால் யாரிடம் என்ன கேட்பது?

நெடுவழி:

பார்சல் பிரிப்பு மையம் ஒன்றில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். டிராக்கிங் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது, உங்கள் பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடு கடைசியாக எங்கே, எப்போது ஸ்கேன் செய்யப்பட்டது என்ற பதிவு மட்டுமே. சாதாரண பார்சலில் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் கருவி எதுவும் கிடையாது. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடையில் அது லாரியில் போகிறதா, கிடங்கின் மூலையில் கிடக்கிறதா என்பது அந்த நிறுவனத்தின் கணினிக்கே தெரியாது. சேவை மையத்தில் இருப்பவர் உங்கள் திரையில் உள்ளதையே படித்துக் காட்டுவதற்கும் இதுதான் காரணம். பெரும்பாலும் அவருக்கும் அதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை.

உங்கள் பார்சல் நிற்கும் கட்டம், அஞ்சல் பயணத்திலேயே மிக நீண்ட மௌனம் நிலவும் கட்டம். பரிமாற்ற அலுவலகம் என்பது ஒரு நாட்டின் அஞ்சல் துறை வெளிநாட்டுத் தபாலைக் கட்டி அனுப்புகிற, அங்கிருந்து வருவதைப் பிரிக்கிற இடம். அங்கே உங்கள் பொருளை ஸ்கேன் செய்து, அதே நாட்டுக்குப் போகும் மற்றப் பொருள்களோடு ஒரு பையில் போட்டு, பையின் வாயைக் கட்டி முத்திரையிட்டு, பைக்கென்று தனி லேபிள் ஒட்டுவார்கள். அதன் பிறகு ஒவ்வொரு இடத்திலும் படிக்கப்படுவது பையின் லேபிள்; உள்ளே இருக்கும் உங்கள் பார்கோடு யார் கண்ணிலும் படாது. அந்தப் பை விமானத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும். அஞ்சல் பைகள் பல வேளைகளில் பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில்தான் போகின்றன என்பதால், பயணிகளின் பெட்டிகளுக்கும் மற்றச் சரக்குக்கும் பிறகு மிஞ்சும் இடத்தைப் பொறுத்தே அது ஏற்றப்படும். விமானம் இறங்கிய பிறகும், இங்கிருக்கும் பரிமாற்ற அலுவலகத்தில் பையைப் பிரித்து உங்கள் பொருளை எடுத்து ஸ்கேன் செய்யும்வரை, உங்கள் பக்கத்தில் ‘புறப்பட்டது’ என்ற வரிதான் இருக்கும். பை வந்து சேர்ந்து, பிரிக்கப்படாமல் அடுக்கில் இருக்கவும் வாய்ப்புண்டு.

அஞ்சல் துறைகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் நிகழ்வுக் குறியீடுகள் சில தளங்களில் அப்படியே தெரியும். இஎம்சி என்றால் அனுப்பும் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்திலிருந்து புறப்பாடு. இஎம்டி என்றால் பெறும் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்துக்கு வருகை. இஎம்இ என்றால் சுங்கத்தில் நிறுத்தம். இஎம்ஜி என்றால் டெலிவரி செய்யும் அலுவலகத்துக்கு வருகை. உங்கள் பொருள் இஎம்சிக்கும் இஎம்டிக்கும் நடுவில் இருக்கிறது. இந்த இடைவெளியில் மௌனம் நீடிப்பதை வைத்து மட்டும் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. இஎம்டி வந்த பிறகு நகராமல் இருந்தால்தான் நான் உண்மையாகக் கவலைப்படுவேன். அப்போது பொருள் உங்கள் நாட்டின் கைக்கு வந்துவிட்டது, அதைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவரும் மாறிவிட்டார் என்று பொருள்.

‘எங்கே இருக்கிறது’ என்று தேடுவதைவிட, ‘இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது’ என்ற கேள்வியோடு அந்தப் பக்கத்தைப் படியுங்கள். அதற்கு மட்டும் அந்தப் பக்கத்தில் ஓரளவு நம்பகமான பதில் இருக்கும்.

வெண்தாள்:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ‘அனுப்புநரிடமிருந்து மின்னணுத் தகவல் பெறப்பட்டது’ அல்லது ‘லேபிள் உருவாக்கப்பட்டது’ என்ற வரியோடு நிற்கும் பார்சல் பெரும்பாலும் இன்னும் விற்பனையாளரின் மேசையில்தான் இருக்கும். லேபிளை அச்சிட்ட உடனேயே ‘அனுப்பிவிட்டோம்’ என்று மின்னஞ்சல் போய்விடுகிறது. பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் பிறகுதான். முதல் ஸ்கேன் விழாதவரை அஞ்சல் துறையையோ கூரியரையோ கேட்டுப் பயனில்லை. விற்பனையாளரைத்தான் கேட்க வேண்டும்.

எண்ணே தவறாகத் தரப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. பன்னாட்டு அஞ்சல் எண்ணில் முதலில் இரண்டு எழுத்துகள், பிறகு 9 இலக்கங்கள், கடைசியில் அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என மொத்தம் 13 இடங்கள் இருக்கும். பதிவு அஞ்சல் என்றால் முதல் எழுத்து ஆர். இலக்கங்களில் ஒன்பதாவது சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 என்றால் 0 என்றும், 11 என்றால் 5 என்றும் கொள்ள வேண்டும். 12345678 என்று இருந்தால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே ஒன்பதாவது இலக்கம் 5. உங்கள் எண் இதற்குப் பொருந்தவில்லை என்றால் எங்கோ ஓர் இலக்கம் மாறியிருக்கிறது. எண் சரியாக இருந்தால், விற்பனையாளர் தந்த இணைப்போடு நிற்காமல், உங்கள் நாட்டு அஞ்சல் துறையின் தளத்திலும் இட்டுப் பாருங்கள். பல நிறுவனங்களின் தகவலைத் திரட்டிக் காட்டும் செயலிகள் இவர்கள் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்கின்றன, அதுவும் சில வேளைகளில் தாமதமாக.

கரையோரம்:

யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். அஞ்சலுக்குக் கட்டணம் செலுத்தி ஒப்பந்தம் செய்துகொண்டவர் அனுப்புநர். எனவே முறையான விசாரணை மனுவை அனுப்புநர் தன் நாட்டு அஞ்சல் துறையில் கொடுப்பதே வேகமான வழி; நீங்கள் கொடுத்தால், ‘அனுப்பியவரைக் கேட்கச் சொல்லுங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி, பொருளை அஞ்சலில் சேர்த்த மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கோரலாம். ஆனால் இணையச் சந்தைகளில் பணத்தைத் திரும்பக் கோருவதற்கான கெடு பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ‘இன்னும் சில நாள் பொறுங்கள்’ என்று விற்பனையாளர் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே போக, அந்தக் கெடு முடிந்துபோனதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். இன்றைக்கே அந்தத் தேதியைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அஞ்சல் ரசீதின் படத்தையும், சுங்கப் படிவத்தில் உள்ளடக்கம் என்று என்ன எழுதினார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘உதிரிபாகம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது என்னவென்று விளங்காமலேயே சுங்கத்தில் நிறுத்திவிடக்கூடும்.

வீட்டில் இருந்தும் ‘இல்லை’ என்று பதிந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். பல நிறுவனங்களில் டெலிவரி ஊழியருக்குச் சேர்த்த பார்சலின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் ஊதியம்; பொழுது சாய்ந்த பிறகும் வண்டியில் பார்சல்கள் மிஞ்சியிருந்தால், கைக்கருவியில் உள்ள சில காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தால்தான் அவரால் கணக்கை முடிக்க முடியும். ‘நேரம் போதவில்லை’ என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் பழி பெறுநர் மேல் விழுகிறது. ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பட்டியலை வகுத்தவர்கள் மேல் இருக்கிறது. ஒரு நாள் ஊதியத்தை இழந்து காத்திருந்தவரைப் பார்த்து, ‘நீ வீட்டில் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதுவது பெரிய அநியாயம். இத்தகைய பதிவில் நேரத்தோடு, பல நிறுவனங்களில் அந்த நேரத்தில் கைக்கருவி இருந்த இடமும் சேமிக்கப்படுகிறது. அன்றைக்கே எழுத்து மூலம் புகார் கொடுத்து, முயற்சி செய்ததாகச் சொல்லும் நேரத்தையும் இடத்தையும் தெரிவிக்குமாறு கேளுங்கள். ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று காட்டிப் பொருள் கைக்கு வராதபோதும் இதையே செய்ய வேண்டும். கூடவே படமோ கையெழுத்தோ இருந்தால் அதையும் கேட்கலாம். தொலைபேசியில் மட்டும் பேசினால், பின்னர் காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

புதுவரவு:

கூரியரில் வரும் பார்சல் நம் ஊரைத் தாண்டி வேறெங்கோ போவதாகக் காட்டுகிறதே, அது தவறுதலாக அனுப்பப்பட்டதா?

நெடுவழி:

பெரும்பாலும் இல்லை. எல்லாப் பார்சல்களையும் ஒரு மைய ஊரில் குவித்து, இரவோடு இரவாகப் பிரித்துத் திருப்பி அனுப்பும் முறையில்தான் பெரிய கூரியர்கள் இயங்குகின்றன. ஃபெடெக்ஸ் 1973இல் மெம்ஃபிஸ் நகரை மையமாக வைத்து இப்படித்தான் தொடங்கியது. பக்கத்து ஊரிலிருந்து வரும் பார்சல்கூட மையத்துக்குப் போய்த்தான் உங்களிடம் திரும்பி வரலாம். நேரங்கள் அந்தந்த ஊரின் நேரப்படி பதியப்படுவதால், புறப்படும் முன்பே வந்து சேர்ந்ததுபோலத் தோன்றுவதும் உண்டு.

வெண்தாள்:

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஃபெடெக்ஸ் 1986இல் ஊழியர் கையில் ஸ்கேன் கருவியைக் கொடுத்தது, சரக்கு கைமாறுவதைத் தன் வேலைக்காகப் பதிந்துகொள்ள. 1994இல்தான் அந்தப் பதிவை இணையத்தில் வாடிக்கையாளரும் பார்க்க முடிந்தது. இன்றும் நாம் படிப்பது ஊழியருக்கான வாசகங்களைத்தான். ‘பரிமாற்ற அலுவலகம்’ என்றால் என்னவென்று ஒரு பெறுநருக்கு எப்படித் தெரியும்? ‘இந்தக் கட்டத்தில் அடுத்த தகவல் வர வழக்கமாக இவ்வளவு காலம் ஆகும், அதைத் தாண்டினால் இவரைக் கேளுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பழைய பயணங்களின் பதிவுகள் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. கணக்கிட முடியாதது அல்ல. ஒற்றைத் தேதியைக் காட்டிவிட்டு அதைச் சத்தமில்லாமல் மாற்றுவதற்குப் பதில், இந்த நாளிலிருந்து இந்த நாளுக்குள் என்று ஓர் எல்லையைக் காட்டினால், வீட்டில் யார் இருப்பது, எப்போது விடுப்பு எடுப்பது என்றாவது மக்கள் திட்டமிடுவார்கள்.

கரையோரம்:

மென்காற்று, மறுபடி வரவழைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். மற்றப் பொருள் என்றால் காத்திருங்கள் என்றுதான் சொல்வேன். இது ஒருவரின் செவிப்புலன் சம்பந்தப்பட்டது. விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும். இரண்டாவது பாகத்தை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் கூரியர் வழியாக வரவழையுங்கள். செலவு கூடும், ஆனால் கைமாற்றம் குறையும், பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவராகவே இருப்பார். கருவியைப் பொருத்திக் கொடுத்த நிலையத்தில் தற்காலிகமாக வேறொரு கருவி தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மென்காற்று:

அனைவருக்கும் நன்றி. எண் சரியாகவே இருக்கிறது; எங்கள் நாட்டு அஞ்சல் தளத்திலும் வருகைப் பதிவு இல்லை. ஆகவே பொருள் இன்னும் அனுப்பியவர்களின் பொறுப்பில்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, விசாரணை மனு கொடுக்குமாறும் ரசீதின் படத்தை அனுப்புமாறும் விற்பனையாளருக்கு எழுதினேன். மனு கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். சுங்கப் படிவத்தில் ‘பாகம்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தாராம்; இரண்டாவது பார்சலில் செவிப்புலன் கருவியின் பாகம் என்று தெளிவாக எழுதச் சொல்லியிருக்கிறேன். அது கூரியரில் வருகிறது. வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், கிளை அலுவலகத்திலேயே வைத்திருங்கள், நானே வந்து பெற்றுக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டேன்.