ஞாயிறு வாசகத்த வீட்லயும் படிக்கணும், எங்க ஆரம்பிக்கிறது?

கடைசிபெஞ்ச்:
நான் ஆர்சி, அதாவது கத்தோலிக்கன். ஒரு வருஷத்துல முழு பைபிள்னு ஜனவரி 1 ஆனா ஆரம்பிச்சுடுவேன், மூணு தடவையும் மூணாவது புத்தகம் லேவியர் நூல்லயே படுத்துட்டேன். பூசைல வாசகம் கேக்குறப்ப நல்லாத்தான் இருக்கு, வெளிய வந்து பைக்க எடுக்குறதுக்குள்ள மறந்துடுது. அந்த ஞாயிறு வாசக வரிசையயே புடிச்சு வீட்ல படிக்கலாமா? யாராச்சும் செய்றீங்களா?

மைக்குமுன்னாடி:
தாராளமா செய்யலாம் தம்பி, எங்க பங்குல வாசகம் வாசிக்கிறவன் நான். 1969-ல வந்த வரிசை இது, மூணு வருஷ சுத்து. நற்செய்தி முதல் ஆண்டு மத்தேயு, ரெண்டாம் ஆண்டு மாற்கு, மூணாம் ஆண்டு லூக்கா, யோவான் பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், பிந்தின பாஸ்கா காலத்துல வருவாரு, மாற்கு சின்ன நூலுங்கறதால ரெண்டாம் ஆண்டுல அஞ்சு ஞாயிறு யோவான் 6-ம் அதிகாரம் ஓடும். வருஷத்த 3-ஆல மீதியில்லாம வகுக்க முடிஞ்சா அது மூணாம் ஆண்டு, ஆனா முந்தின வருஷக் கடைசில, கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற திருவருகைக்கால முதல் ஞாயிறுலயே தொடங்கிடும்.

வியாழக்கிழம ராத்திரி நற்செய்திய முதல்ல படிங்க, அப்புறம் முதல் வாசகம் (பெரும்பாலும் பழைய ஏற்பாடு). பொதுக்காலத்துல, அதாவது தவக்காலம் மாதிரி விசேஷ காலம் இல்லாத வாரங்கள்ல, அது ரெண்டையும் ஜோடியாத்தான் வச்சிருப்பாங்க. மூணாம் ஆண்டு 28-வது ஞாயிறு பாருங்க, லூக்கா 17-ல பத்து தொழுநோயாளிங்கள்ல திரும்பி வந்தது ஒரு சமாரியன் மட்டும், முதல் வாசகத்துல தொழுநோய் புடிச்ச சிரியாக்காரன் நாமான் யோர்தான் ஆத்துல ஏழு முங்கு முங்கி குணமாயி இறைவாக்கினர் எலிசாகிட்ட திரும்பி வர்றான். ரெண்டு பேருமே அன்னியர். ரெண்டாம் வாசகம் தனி ரூட்டு, கடிதம் வாராவாரம் அதுபாட்டுக்கு போகும், அதையும் சேத்து முடிச்சு போட பாக்காதீங்க, ரெண்டு வருஷம் நான் மண்டய ஒடச்சுக்கிட்டேன்.

நெல்லைசீமை:
நாங்க சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட் சபை, எங்க பைபிள்ல உங்க நாமான் பேரு நாகமான் :) ஒரு குறை சொல்லவா அண்ணே, உங்க கோயில்ல அன்னைக்கு வாசிக்கிறது 2 அரசர்கள் 5-ல 14-லருந்து 17 வரைக்கும்தான? கதையே முன்னாடி 13 வசனத்துலல்லா இருக்கு. சிறைபிடிச்சு கொண்டுவந்த சின்னப் புள்ள சொல்லித்தான் அவரு கெளம்புறாரு, அப்புறம் எங்கூரு ஆத்துல இல்லாத தண்ணியான்னு கோவிச்சுட்டு திரும்புனவர வேலக்காரங்கதான் சமாதானம் பண்ணுறாங்க. துண்டு துண்டா கேட்டா அந்தப் புள்ள காணாமலே போயிடும்.

மைக்குமுன்னாடி:
நியாயம்தான். தவக்காலம் மூணாம் வாரம் திங்கக்கிழம அது முதல் வசனத்துலருந்து வரும், ஆனா திங்கக்கிழம பூசைக்கு எத்தன பேரு வர்றோம். அதனாலதான் வீட்ல அதிகாரம் முழுசா படிங்கன்றேன்.

கடைசிபெஞ்ச்:
இப்பதான் முழுசா படிச்சேன். குணமானப்புறம் ரெண்டு கழுதைப்பொதி மண்ணு கேக்குறானே, அது எதுக்கு?

மைக்குமுன்னாடி:
இனிமே ஆண்டவருக்கு மட்டும்தான் பலி குடுப்பேன்றான்ல, அதுக்கு இந்த ஊரு மண்ணு வேணும்னு நெனச்சிருப்பான். நாம வேளாங்கண்ணி போயிட்டு எண்ணெய் பாட்டில் இல்லாம வர்றோமா?