புறங்கையில வட்டம் வட்டமா தடிப்பு, கிரானுலோமா அன்யுலரேங்கறாங்க. யாருக்காவது சரியாச்சா?

கேள்வி (கோவைப்பொண்ணு):
வணக்கம். அம்மாவுக்கு வயசு 52, சுகர் இருக்கு. புறங்கையிலயும் கணுக்கால்கிட்டயும் வட்டமா தடிச்சிருக்கு, ஓரம் மட்டும் மணி கோத்த மாதிரி புடைச்சு நிக்குது நடுவுல சாதா தோல்தான், அரிப்பும் இல்ல செதிலும் உதிரல. எல்லாரும் படர்தாமரைன்னு சொன்னாங்க, பூஞ்சைக்கு க்ரீம் மாத்திரை எல்லாம் பாத்தாச்சு ஒண்ணும் கேக்கல. இப்ப ஸ்கின் டாக்டர் பயாப்சி பாத்துட்டு கிரானுலோமா அன்யுலரேன்னு சொல்லி, தடிப்புலயே ஸ்டீராய்டு ஊசி போடலாம்ங்கறார். சுகர் இருக்கறவங்க போட்டுக்கலாமா? ஒட்டிக்குமோன்னு பயந்து அம்மா பேரனத் தூக்கவே மாட்டேங்கறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

செல்வி72:
ஒட்டவே ஒட்டாதும்மா, தாராளமா தூக்கச் சொல்லுங்க. இது கிருமியே இல்ல, நம்ம உடம்போட எதிர்ப்பு செல்லுங்கதான் தோலுக்குள்ள ஒரே எடத்துல கூடிக்குது. எனக்கும் விரல் முட்டிமேல இருந்துச்சு. ட்ரையாம்சினலோன்னு மருந்து, நல்லா நீர்த்துட்டு, புடைச்ச ஓரத்துல மட்டும் மெல்லிசு ஊசியால கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாங்க, சுருக்குன்னு வலிக்கும் அவ்ளோதான். தடிப்பு அமுங்கிடுச்சு, ஆனா ஒரு எடத்துல தோல் லேசா குழிஞ்சு வெளுத்துப்போச்சு, அத முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஓபி_நர்ஸ்:
ஸ்கின் ஓபில ரொம்ப வருஷம் வேலை பாத்தவ நான். படர்தாமரைன்னா ஓரத்துல செதில் இருக்கும், அரிக்கும், செதிலச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்தா பூஞ்சை தெரிஞ்சிடும். தொழுநோய்லயும் வட்டத் திட்டு வரும், ஆனா அங்க பஞ்சால தொட்டா உணர்ச்சி கம்மியா இருக்கும். உங்களுக்கு பயாப்சியே பாத்தாச்சு, அதனால அந்தக் கவலை வேணாம். மெடிக்கல்ல கேட்டு வாங்குற ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூணும் கலந்த க்ரீம மட்டும் தயவுசெஞ்சு தொடாதீங்க, நிஜமாவே படர்தாமரையா இருந்தா அது அடையாளம் தெரியாம உடம்பு பூரா பரவிடும், நான் தினம் தினம் பாத்த கொடுமை இது.

ஊசி சுகர்காரங்களுக்கும் போடுவாங்க. அளவு கம்மிதான், ஆனாலும் சில நாள் சுகர் ஏறலாம், வீட்ல மெஷின்ல பாத்துக்கோங்க. ரெண்டு மூணு வட்டம்தான் இருக்குன்னா ஒண்ணுமே பண்ணாம விடுறதும் வைத்தியம்தான், பாதிப் பேருக்கு 2 வருஷத்துக்குள்ள தானா மறைஞ்சிடும். சிலருக்குத் திரும்ப வரும், அதுவும் உண்மை.

கோவைப்பொண்ணு:
ரொம்ப நன்றிக்கா. முதுகுலயும் ரெண்டு புதுசா ஆரம்பிச்சிருக்கு. நிறைய பரவினா என்ன பண்ணுவாங்க?

ஓபி_நர்ஸ்:
அப்ப ஊசி சரிப்படாதும்மா. லைட் ட்ரீட்மென்ட் தருவாங்க, அதாவது தோல்மேல புற ஊதா ஒளி படவைப்பாங்க, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ போகணும், மாசக்கணக்குல ஆகும், பொறுமை வேணும். இல்லன்னா ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை. அதுக்கு கண் டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க, அப்புறம் அது சுகரயும் இறக்கும், சுகர் மாத்திரையோட சேந்து தலைசுத்தல் வரலாம், சுகர் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. டாப்சோன்ங்கற மாத்திரை எழுதினா முன்னாடியே ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவக் காக்குற ஒரு என்சைம்) ரத்த டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளுங்க. கொழுப்பும் தைராய்டும் ஒருதடவ பாத்துடுங்க.