மார்த்தினிக் அடையாளச் சிந்தனை: வாசிப்பு வட்டத்துக்கு உதவி தேவை

நண்பர்களே, கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் பிறந்த எழுத்தாளர்கள் செசேர், ஃபனோன், கிளிசான் என்ற வரிசையில் மூன்று அமர்வுகள் திட்டமிட்டிருக்கிறோம். செசேரைக் கறுப்பின அடையாளத்தை மீட்டவராக மட்டும் படித்தால், 1946இல் காலனியாக இருந்த மார்த்தினிக்கைப் பிரான்சின் மாவட்டமாக்கிய சட்டத்துக்கு அவரே முன்னின்றது புரியாமல் போகும். விவாதம் தொடங்க வேண்டிய இடமே அதுதான். கிளிசான் ஒற்றை ஆணிவேரை மறுத்து, பக்கவாட்டில் பரவி மற்ற வேர்களைத் தொடும் அடையாளத்தைப் பேசுகிறார். ஆனால் 1853 முதல் அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்தோருக்கு இதில் எங்கே இடம்? மொரிஷியஸ் கவிஞர் தொராபுல்லியின் 'கூலித்துவம்', அதாவது ஒப்பந்தக் கூலிகளின் அனுபவத்திலிருந்து அடையாளத்தைப் பேசும் கருத்து, இந்தியப் பெருங்கடலிலிருந்து பேசுவது. கரீபியனுக்கு அப்படியே பொருந்துமா?

பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரி, ரீயூனியன் நண்பர்கள், மார்த்தினிக் தமிழர்களின் வழிவந்தோரே எழுதிய கட்டுரை ஒன்றைச் சுட்டுங்கள். இருபது பக்கத்துக்குள் இருந்தால் தமிழாக்கி முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.