புதுப்பிப்பு: அப்பாவின் சட்ட அலுவலகம் பிள்ளைக்கு வருமா?

திருகோணமலையில் அப்பாவோ மாமாவோ சட்டத்தரணியாக இருந்தால், பிள்ளை அதே வழியில் வருவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். "அப்பாவின் வழக்குகளும் காணி உறுதி எழுதும் வேலையும் அப்படியே பிள்ளைக்கு வருமா?" என்று பலர் கேட்டீர்கள். வராது.

சிவில் வழக்கில் கட்சிக்காரர் கொடுத்த புரொக்சி (தனக்காக வழக்கை நடத்த எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்) அந்தச் சட்டத்தரணிக்கு மட்டுமே. அவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். பிள்ளை வழக்கைத் தொடர வேண்டுமானால் கட்சிக்காரர் புதிய புரொக்சியில் ஒப்பமிட்டு, அதை நீதிமன்றத்தில் கோவைப்படுத்த வேண்டும். அதைச் செய்யாமல் வழக்குத் தவணைக்குப் போய் நிற்பதுதான் வழமையான தவறு.

நொத்தாரிசு வேலை, அதாவது உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் வேலை, இன்னும் கண்டிப்பானது. இறந்த நொத்தாரிசின் புரோட்டோகோல்கள் (அவர் தன்னிடம் வைத்திருந்த உறுதிப் பிரதிகள்) காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டியவை, வீட்டு அலுமாரியில் வைத்திருக்க முடியாது. நொத்தாரிசாக வேலை செய்யப் பிள்ளைக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒவ்வொரு மாத உறுதிகளின் இரண்டாம் பிரதிகளும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்குப் போக வேண்டும். உறுதியில் காணியின் எல்லை விவரத்தில் "கிழக்கு" என்பதை வெட்டி "மேற்கு" என்று எழுதினால், எந்தப் பக்கம், எந்த வரி என்று உறுதியின் முடிவில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியுரையில் குறிக்க வேண்டும். இதைத் தட்டச்சு செய்பவரிடம் விட்டுவிடாதீர்கள்.

பயிலுநர் காலத்தை வேறொரு மூத்த சட்டத்தரணியிடம் முடிப்பதே நல்லது என்பேன். வீட்டில் பிழை பிடிக்க ஆள் இருக்காது. இங்கே நீதிமன்ற வேலை தமிழில்தான், ஆனால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அப்பால் போகும் மேன்முறையீடு கொழும்புக்குப் போகும். அதற்காக ஆங்கிலத்தில் மனு வரையும் பழக்கத்தைப் பயிலுநர் காலத்திலேயே தொடங்குங்கள்.