மறு: லிக்விட் ஸ்மோக்குக்கு வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,

ஹவாய்க் கலுவா கறியை வீட்டில் செய்யும் குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். அசல் முறையில் குழி தோண்டி, கியாவே விறகெரித்து, எரிமலைக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, நசுக்கிய வாழைத்தண்டைப் பரப்பி, முழுப் பன்றியைக் கிடத்தி, இலை, ஈரச்சாக்கு, மண் எல்லாம் போட்டு மூடுவார்கள். அந்தக் குழிக்கு இமு என்று பெயர். இந்தக் குறிப்பிலோ பன்றிக்குப் பதில் கோழித்தொடை, குழிக்குப் பதில் ஓவன். ஒரு கிலோ கறிக்கு 2 தேக்கரண்டி கல்லுப்பு, 1 தேக்கரண்டி லிக்விட் ஸ்மோக் (புகை மணத்துக்காகச் சேர்க்கும் புட்டித் திரவம்). வாழையிலையில் பொதிந்து 160 டிகிரியில் 2 மணி நேரம். பிய்த்த கறியில் கடைசியாக முட்டைக்கோஸ்.

‘திரவப் புகை’ என்று எழுதினேன், பதிப்பாசிரியர் சிரித்துவிட்டார்.
– க.

---

புகைத்தேறல். தேறு என்றால் தெளி, தெளிந்தது தேறல். விறகுப் புகையைக் குளிர்வித்து நீரில் பிடித்து, தாரைப் பிரித்துத் தெளியவைத்ததுதானே அந்தப் புட்டியில் இருக்கிறது? புறநானூற்றில் யவனர் கொண்டுவந்ததும் தேறல்தான்.

இமுவையும் விடக்கூடாது. சமோவாவிலும் தொங்காவிலும் அது உமு. நம் உமித்தீயோடு ஒப்பிடுக.
– செ.

---

செ. ஐயா, அந்தக் காலத்தில் நெல்லே விளையாத தீவுகளுக்கு உமி எந்தக் கப்பலில் போனது? தேறல் என்றதும் என் மாணவர்கள் கள்ளைத்தான் நினைப்பார்கள்.

வேதியியல்படி அது புகைக்காடி (காடி என்றால் வினிகர்). அதில் அசெட்டிக் அமிலம் இருக்கிறது, முகர்ந்தாலே புளிப்பு தெரியும்.
– மா.

---

மா. அக்கா, காடி என்று போட்டால் ஒருவர் அரைக் கோப்பை ஊற்றிவிடுவார். இது ஒரு கரண்டி கூடினாலே கறி முழுக்கக் கரிக்கட்டை வாசம் அடிக்கும். அப்புறம், இலங்கையில் எங்களுக்கு வினாகிரி என்றால்தான் சட்டென்று விளங்கும்.

புகைநீர் போதாதா?
– ந.

---

புகைநீர் என்றால் ஹூக்காவில் மிஞ்சும் தண்ணீர்.
– செ.

---

சொல்லை விடுங்கள், விறகைப் பாருங்கள். கியாவே நம் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி, அதே புரோசோபிஸ் இனம். 1828-இல் ஹொனலுலு கத்தோலிக்க மிஷனில் நட்ட ஒரு மரத்திலிருந்து பரவியதாம். இங்கே இராமநாதபுரத்தில் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே புகைய விட்டுக் கரி எடுப்பதை மூட்டம் போடுவது என்கிறோம். இமுவுக்கு மூட்டக்குழி பொருந்தும். கரியெடுக்கும்போது வீணாகப் போகிற புகையைப் பிடித்தால் புட்டியில் இருப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும். ஆகவே மூட்டச்சாறு.
– இரா.

---

மூட்டம் அருமை. ஆனால் சென்னைக்காரருக்கு மேகமூட்டம்தான் தெரியும். பாதியை எடுத்துக்கொண்டு புகைச்சாறு என்போமா? ‘சாறு’ என்றால் செறிவானது, அளந்து ஊற்ற வேண்டியது என்று கை தானாகத் தயங்கும். சமையல் குறிப்புக்கு அதுதான் முக்கியம்.

க., இன்னொன்று. அசல் முறையில் பொதிய ‘டி’ என்ற செடியின் இலை வருமே, அதை ‘டீ இலை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பன்றியைத் தேயிலையில் சுற்றுவார்கள்.
– மா.

---

சாறு பிழிந்து எடுப்பது. புகையைப் பிழிந்தவர் யார்?
– செ.

---

கோழிச்சாறு பிழிந்தா வருகிறது, ஐயா? புகைச்சாற்றுக்கு என் வாக்கு. தூங்கப் போகிறேன்.
– ந.

---

நாளை காலை அனுப்பியாக வேண்டும். புகைச்சாறு என்றே வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘விறகுப் புகையிலிருந்து வடித்தது, புட்டியில் கிடைக்கும், சொட்டுச் சொட்டாக விடவும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இமுவை இமு என்றே விட்டுவிட்டேன், அது அவர்கள் சொல். இரா. அவர்களின் மூட்டத்தை விளக்கத்தில் நுழைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.
– க.

---

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். தேறலே சரி.

அதிருக்கட்டும், ‘ஓவன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, வெதுப்பி என்ன பாவம் செய்தது?
– செ.