பழைய அம்பாசிடரில் ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. எந்த பல்ப் போடலாம்?

போடிமெட்டுப் பயணி
வணக்கம். என்னிடம் உள்ள பழைய அம்பாசிடரில் முகப்பு விளக்குகளின் வெளிச்சம் மிகவும் மங்கலாக இருக்கிறது. புது பல்ப் வாங்கி மாட்டியும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இந்த வாரக் கடைசியில் குடும்பத்துடன் போடிமெட்டு வழியாக மூணாறு போக வேண்டும், இரவில்தான் மலையேறுவோம். அதிக வெளிச்சம் தரும் பல்ப் எது என்று தெரிந்தவர்கள் உடனே சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

வயரிங் பெட்டி
வணக்கம் நண்பரே. வண்டி எந்த வருட மாடல்? இப்போது இருப்பது பல்பும் கண்ணாடியும் ஒரே துண்டாக வரும் சீல்டு பீமா, பல்பைத் தனியாகக் கழற்றி மாட்டும் எச்4 டூமா (டூம் என்றால் ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த விளக்குக் கூடு)? எஞ்சினில் மின்சாரம் உண்டாக்குவது டைனமோவா, ஆல்டர்னேட்டரா? டிம்-பிரைட் மாற்றுவது காலிலா, கையிலா? ஐடிலிங்கில் மட்டும் மங்குகிறதா, எஞ்சினை ரேஸ் செய்தாலும் அப்படியேதானா? இவை தெரியாமல் பல்பின் பெயரைச் சொல்வதில் பயனில்லை.

கொங்கு ஃபியட்
100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) எச்4 பல்ப் போட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் லாரிக்காரர்கள் பலரும் அதைத்தான் போடுகிறார்கள். இரவைப் பகலாக்கிவிடும்.

சாலைப்புளி
எல்இடிக்கு மாறிவிடுவதே சரியான வழி. மின்சாரமும் குறைவாகவே எடுக்கும், வெளிச்சமும் வெள்ளையாக இருக்கும். கூடவே, பற்பசையைத் துணியில் தொட்டு டூம் கண்ணாடியை நன்றாகத் தேய்த்தால் மங்கல் போய்விடும்.

மூத்த சக்கரம்
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை கேட்கப்பட்டு, எத்தனையோ முறை பதில் சொல்லப்பட்டிருக்கிறது. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் பொறுமை புதியவர்களுக்கு இருப்பதில்லை. பதில் சொல்ல வருபவர்களும் வண்டியைத் தெரிந்துகொள்ளாமல் பேசுகிறார்கள். பற்பசையால் தேய்ப்பது வெயிலில் மஞ்சளாகிப்போன பாலிகார்பனேட் டூம்களுக்கான வைத்தியம். அம்பாசிடரின் ஏழு அங்குல வட்ட விளக்கில் இருப்பது அசல் கண்ணாடி. அதைத் தேய்த்துக் கை வலிப்பதுதான் மிச்சம்.

எல்இடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். அந்த இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் தடுப்பது அதன் வேலை. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவதும் அதுதான். இழை இருந்த அதே இடத்தில் அதே அளவில் ஒளி பிறக்காவிட்டால் கற்றை கலைந்து நாலாபுறமும் சிதறும். சந்தையில் விற்கும் எல்இடிகளில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். ஓட்டுபவருக்கு மூக்குக்கு நேரே பளிச்சென்று தெரியும். தூரத்தில் உள்ள வளைவு தெரியாது. எதிரே வருபவருக்கோ எதுவுமே தெரியாது.

போடிமெட்டுப் பயணி
பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. மார்க் 4, 1988 மாடல், பெட்ரோல். முந்தைய உரிமையாளர் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறார். மூன்று பின் உள்ள எச்4 பல்ப், 60/55 வாட். டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்ச் காலில் மிதிப்பது. ரேஸ் செய்தால் சிறிது கூடுகிறது, ஆனால் போதவில்லை. எங்கள் ஊரில் ஓர் ஒர்க்ஷாப்பில் காட்டினேன். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றவா?

வயரிங் பெட்டி
எஞ்சின் ஓடும்போது விளக்குக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதென்றால், இந்தக் குறைக்காகப் பேட்டரியை மாற்றத் தேவையில்லை.

அந்தக் காலத்து வண்டிகளில் விளக்குக்கான முழு மின்சாரமும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து கால் டிப்பருக்கு இறங்கி, பிறகு முன்னால் திரும்பிப் பல்புக்கு வருகிறது. இடையில் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துவிடும் மின்சுவிட்ச்) கிடையாது. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆன சுவிட்சின் கருகிய பாயின்ட்டுகள், மிதியடிக்கு அடியில் ஈரமும் மண்ணும் தின்ற டிப்பர், மெலிந்த வயர்கள் என ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டைத் தின்றுவிடும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். புது பல்ப் போட்டும் வித்தியாசம் தெரியாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பல்ப் ஹோல்டரிலேயே மாட்டியிருக்கும் நிலையில், மல்டிமீட்டரின் முனைகளைப் பின்பக்கமாக விட்டுப் பாருங்கள். முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து பல்பின் பின்களுக்கு இடையே எவ்வளவு என்று பாருங்கள். கடைசியாக, பல்பின் எர்த் பின்னுக்கும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பின்) பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே எவ்வளவு என்று பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டம் இருக்காது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் மீட்டர் காட்டிவிடும்.

கொங்கு ஃபியட்
இவ்வளவு அளவெடுப்பு எதற்கு? 100/90 போட்டால் வேலை முடிந்தது. நானே அதைப் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

வயரிங் பெட்டி
ஐயா, இரண்டு 60 வாட் இழைகள் சுமார் 10 ஆம்பியர் எடுக்கின்றன. இரண்டு 100 வாட் இழைகள் 16 ஆம்பியரைத் தாண்டும். அதே நலிந்த வயரில் மின்னோட்டம் கூடும்போது வோல்ட் இழப்பும் கூடும்; வயரிலும் சுவிட்சிலும் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஹோல்டர் உருகி, பல்பின் பின்னோடு ஒட்டிக்கொண்டு வருவதை நான் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். மலைப்பாதையில் நள்ளிரவில் சுவிட்ச் கருகி இரண்டு விளக்கும் ஒருசேர அணைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். குடும்பத்தோடு போகிறவருக்கு அந்த யோசனையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பனிச்சாரல்
போடிமெட்டில் பனி மூடும். வெள்ளை வெளிச்சம் பனியில் திரும்பி வந்து கண்ணில் அடிக்கும். மஞ்சள் பல்ப்தான் பனியைத் துளைத்துக்கொண்டு போகும். பிரான்சில் 1993 வரை மஞ்சள் விளக்குதான் கட்டாயமாக இருந்தது, காரணமில்லாமலா வைத்திருப்பார்கள்?

சாலைப்புளி
அதே பிரான்ஸ்தான் பிறகு அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. மஞ்சள் பூச்சு வெளிச்சத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஏற்கெனவே மங்கலாக எரியும் விளக்குக்கு அதுவும் வேண்டுமா?

பனிச்சாரல்
குளிர்காலத்தில் கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கண் கூசாமல் இருப்பது மஞ்சளில்தான் என்று எல்லோரும் சொல்வார்கள்.

மூத்த சக்கரம்
இருவரும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். மஞ்சள் துளைத்துப் போகும் என்ற பேச்சுக்கு இயற்பியலில் இடமில்லை. நீல ஒளி குறைவதால் கண்ணுக்குச் சற்று இதமாக இருக்கிறது என்று சிலர் சொல்வதை நான் மறுக்கவில்லை. பனியில் உண்மையாக உதவுவது பம்பருக்கு அருகில் தாழ்வாகப் பொருத்திய, அகலமாகவும் தட்டையாகவும் விழும் பனிவிளக்கு. அது இல்லாவிட்டால் டிம்மில் வைத்து மெதுவாக ஓட்ட வேண்டும். பனிக்குள் பிரைட்டைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்துவிடும். அது எந்த நிற பல்பாக இருந்தாலும் அப்படித்தான்.

பனிச்சாரல்
இயற்பியல் இருக்கட்டும், ஓட்டுபவனுக்குத்தானே தெரியும். மஞ்சளை நான் விடுவதாக இல்லை.

வயரிங் பெட்டி
நிறத்தைப் பற்றித் தனிப் பதிவு தொடங்கிப் பேசிக்கொள்ளலாமே. கேள்வி கேட்டவர் அளந்து பார்த்தாரா என்று முதலில் தெரிய வேண்டும்.

போடிமெட்டுப் பயணி
அளந்தேன். பேட்டரியில் 13.6. பல்பில் 10.9. எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.8. அடுத்து என்ன செய்வது?

வயரிங் பெட்டி
காரணம் கிடைத்துவிட்டது. மொத்தம் 2.7 வோல்ட் வழியிலேயே போகிறது, அதில் 0.8 எர்த் பக்கம், மீதி 1.9 சுவிட்ச், டிப்பர், வயர் பக்கம். எச்4 பல்பின் வெளிச்சத்தை 13.2 வோல்ட்டில் வைத்துத்தான் அளந்து சொல்வார்கள். 10.9 வோல்ட்டில் அதில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். உங்கள் பல்பில் எந்தக் குறையும் இல்லை.

முதலில் எர்த்தைப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை. விளக்கிலிருந்து வரும் கருப்பு வயர் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் கழற்றினால், வளையத்துக்கு அடியில் பெயின்டும் துருவும் இருக்கும். செம்புக் கம்பி பச்சைக் களிம்பு ஏறி, நுனியில் பொடிப்பொடியாக உதிரும். உப்புத்தாளால் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, புது வளையம் அழுத்தி, இறுக்கிவிட்டுக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பேட்டரி நெகட்டிவுக்கே நேராக ஒரு வயர் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு நான்கு-பின் ரிலேக்கள் வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ரிலேயின் 30-ஆம் பின்னுக்குக் கொண்டுவாருங்கள் (30, 85, 86, 87 என்பவை ரிலே பின்களின் எண்கள்). ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 87-இலிருந்து பல்புகளுக்குப் புது வயர் போகட்டும். டிப்பரிலிருந்து வரும் பழைய வயரை 86-இல் மாட்டி, 85-ஐ எர்த் செய்யுங்கள். இனி பழைய சுவிட்சும் டிப்பரும் சுமக்கப்போவது ரிலே காயிலுக்கான கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தை மட்டுமே. அவற்றின் ஆயுளும் நீளும். ஃபியூஸைத் தனித்தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம், டிம் ஃபியூஸ் போனாலும் பிரைட் எரிந்து உங்களைக் கரைசேர்க்க வேண்டும் என்பதுதான்.

மூத்த சக்கரம்
இதையெல்லாம் செய்யும்போது ரிஃப்ளெக்டரையும் பாருங்கள். உள்ளே வெள்ளிப்பூச்சு கருத்தோ உரிந்தோ இருந்தால் டூமையே மாற்ற வேண்டும். துணியால் துடைத்தால் இருக்கிற பூச்சும் போய்விடும். புது டூம் வாங்கினால், இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு உரியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊருக்கான கண்ணாடி டிம் வெளிச்சத்தை இடது ஓரத்தில் சற்றுத் தூக்கிக் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது எதிரே வருபவரின் முகத்தில் தூக்கி அடிக்கும்.

கொங்கு ஃபியட்
ரிலே போட்ட பிறகாவது 100/90 போடலாம் அல்லவா?

வயரிங் பெட்டி
60/55 பல்புக்கு முழு வோல்ட் கிடைத்தால் என்னவாகிறது என்று முதலில் பார்க்கட்டும் ஐயா. பிறகு உங்களுக்கே அந்த எண்ணம் வராது.

போடிமெட்டுப் பயணி
எர்த் மாற்றி, இரண்டு ரிலேயும் போட்டாகிவிட்டது. இப்போது பல்பில் 13.2 காட்டுகிறது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நன்றி. கிளம்புகிறோம்.

வயரிங் பெட்டி
மிக்க மகிழ்ச்சி. கிளம்பும் முன் ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். ஆட்களையும் சாமான்களையும் ஏற்றியதும் அம்பாசிடரின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் அமுங்கி மூக்கு உயரும். வெளிச்சம் கூடிய விளக்கு இப்போது எதிரே வருபவரின் கண்ணில் முன்பைவிடப் பலமாக அடிக்கும். முழுச் சுமையோடு சமதரையில் சுவரிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் நடுமட்டத்தைவிட சுமார் ஏழரை சென்டிமீட்டர் கீழே விழும்படி டூம் ஸ்குரூவைத் திருகி வையுங்கள். பார்த்துவிட்டீர்களா?

மூத்த சக்கரம்
அவர் இந்நேரம் மலையேறியிருப்பார். அடுத்து இதே கேள்வியோடு வருபவர்கள் வருடம், டைனமோவா ஆல்டர்னேட்டரா, பல்பில் எத்தனை வோல்ட் என்ற மூன்றையும் முதல் பதிவிலேயே எழுதுங்கள்.